ஆறு குணம் மாறும்போது: குமரி மாவட்ட ஆறுகளில் கயாக் ஓட்டுபவர்களுக்கு, அறிகுறி வாரியாக

மேல்கோதையாறு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்தத் தண்ணீர் கடலில் சேரும் தேங்காப்பட்டணம் அங்கிருந்து நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு உயரத்தை இவ்வளவு குறுகிய தூரத்தில் இறங்குகிற ஆற்றுக்குப் பொறுமை இருக்காது. அதன் குறுக்கே பெரிய அணைகளும், கணக்கு வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குச் சின்னத் தடுப்பணைகளும் சப்பாத்து என்கிற தாழ்ந்த பாலங்களும் கட்டியிருக்கிறோம். நம் ஊரில் துடுப்புப் போடுகிறவனுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது: சட்டென்று ஏறும் மட்டம், குறுக்கே நிற்கும் சுவர்.

கோதையாறு பேச்சிப்பாறையிலிருந்து திற்பரப்பு வழியாக இறங்குகிறது. பரளியாறு பெருஞ்சாணியிலிருந்து புத்தன் அணை, மாத்தூர், அருவிக்கரை வழியாக வருகிறது. திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் இரண்டும் சேர்ந்து குழித்துறை தாமிரபரணி ஆகிறது. கீழே எழுதியிருப்பது இந்த நீளத்துக்குத்தான். அணைகளுக்கு மேலே இருக்கும் காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அங்கே தனியாகப் படகை இறக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

நீங்கள் ஆற்றில் என்ன பார்க்கிறீர்களோ, என்ன உணர்கிறீர்களோ அதைத் தலைப்பில் தேடுங்கள். ஆனால் தண்ணீரில் இருந்துகொண்டு தேட முடியாது. ஒரு முறை கரையில் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடுங்கள்.

படகு இன்னும் வண்டி மேலேதான் இருக்கிறது, ஆனால் போகலாமா என்று சந்தேகமாக இருக்கிறது

நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தைத் திறங்கள். அணைகளின் நீர்மட்டமும் மழையளவும் வந்திருக்கும். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறு ஒன்று, இரண்டு அணைகளுக்குத் தலா 18 அடி. அணை பாதி காலியாக இருந்தால் மலையில் பெய்கிற மழையை அது வாங்கி வைத்துக்கொள்ளும். நிரம்பிக்கொண்டு இருந்தால் வருகிற தண்ணீரை அப்படியே கீழே அனுப்பத்தான் வேண்டும். பேச்சிப்பாறை 42 அடியைத் தாண்டி, கூடவே மழையும் இருக்கிறது என்றால் நான் அதற்குக் கீழே படகு இறக்குவதில்லை. பெருஞ்சாணிக்கு 70 அடி என்று வைத்திருக்கிறேன்.

மழைப் பட்டியலில் நாகர்கோவிலையோ குளச்சலையோ பார்த்துப் பயனில்லை. பாலமோர், பெருஞ்சாணி, பேச்சிப்பாறை, சுருளோடு, களியல், திற்பரப்பு என்று மலையோர ஊர்களைப் பாருங்கள். அங்கே மழை அளவு பெரிதாக இருந்தால் உங்கள் ஊரில் வெயில் அடிப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

இன்னொரு எளிய அடையாளம் இருக்கிறது. ‘திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை’ என்று செய்தி வந்தால், அது சுற்றுலாப் பயணிக்கான செய்தி மட்டுமல்ல. கோதையாறு அதன் வழக்கமான மட்டத்தில் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு ஓட்டக்கூடியதை வேறெங்காவது தேடுங்கள்.

நமக்கு இரண்டு மழைக்காலம். இடவப்பாதியில், அதாவது ஜூன் வாக்கில், தொடங்கும் தென்மேற்கு மழை பல நாள் சீராகப் பெய்யும். ஆறு மெதுவாக ஏறி அப்படியே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அப்படி இல்லை. மத்தியானம் வரை சும்மா இருந்துவிட்டு, சாயங்காலம் இடியோடு மலையில் கொட்டும். 2021 நவம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அது எப்படி ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதங்களில் காலையிலேயே இறங்கி மத்தியானத்துக்குள் கரையேறிவிடுவது என் வழக்கம்.

தண்ணீர் நிறம் மாறுகிறது, இலையும் சுள்ளியும் மிதந்து வருகின்றன

மேலே எங்கோ மழை பெய்துவிட்டது. அந்த வெள்ளத்தின் முன்பகுதி உங்களை எட்டிவிட்டது.

தெளிந்த தண்ணீர் முதலில் தேநீர் நிறத்துக்கு வரும். அடுத்து காய்ந்த ரப்பர் இலை, சுள்ளி, பழுப்பு நுரை. ஒரு மணி நேரம் முன்பு வரை கரையோரம் காய்ந்து கிடந்த குப்பை இப்போது மிதக்கிறது என்றால், மட்டம் அந்தக் கரையை எட்டிவிட்டது என்று பொருள். அதற்கும் பிறகு வாழைத்தண்டு, கம்பு, மரக்கிளை. வாழைத்தண்டு வருகிற நேரத்தில் நீங்கள் கரையில் இருக்க வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். கரையில் ஒதுங்கி, தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள், அல்லது ஒரு குச்சியை ஊன்றுங்கள். பத்து நிமிடம் பாருங்கள். கல் முங்கிவிட்டால் பயணம் முடிந்தது. படகை விளிம்பில் விடாதீர்கள்; ஆளுயரத்துக்கு மேலே இழுத்துப் போட்டு, மரத்தில் கட்டிவிட்டு, பாதையைத் தேடி நடங்கள்.

நீங்கள் ஆற்றின் நடுவே ஒரு பாறையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இது நடந்தால், எந்தக் கரை கிட்டே இருக்கிறது என்று யோசிக்காதீர்கள். எந்தக் கரையில் சாலை இருக்கிறது என்று யோசியுங்கள். தப்பான கரையில் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க ரப்பர் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் உயிரோடு வந்தார்கள், அது சரி. ஆனால் இருட்டில் பொறுமை இழந்து ஒருவர் ஆற்றைக் கடக்க இறங்கியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

மழையும் இல்லை, கலங்கலும் இல்லை, ஆனால் மட்டம் ஏறுகிறது

அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். அணைக்குள் சேறு அடியில் படிந்துவிடுவதால், திறந்துவிடும் தண்ணீர் பெரும்பாலும் கலங்கலாக இருக்காது. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நிறத்தை நம்பி இருப்பவர் இதில் ஏமாறுவார்.

கவனிக்க வேண்டியது மூன்று. காய்ந்து வெளுத்திருந்த பாறை விளிம்புகள் வரிசையாக நனைகின்றன. சலசலத்துக் கொண்டிருந்த இடத்தில் சத்தம் தடித்து, ஒரே இரைச்சலாகிறது. நீங்கள் ஒதுங்கி நிற்கும் பாறையின் பின்புறம், கொஞ்ச நேரம் முன்பு படகு அசையாமல் நின்ற இடத்தில், இப்போது படகு சுற்ற ஆரம்பிக்கிறது.

மலை மழை வெள்ளம் ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடக்கூடும். அணைத் தண்ணீர் அப்படி இல்லை. மதகை மூடும் வரை அது இறங்காது. இன்னும் ஒரு மதகைத் திறந்தால் மறுபடி ஏறும். ஆகவே ‘கொஞ்சம் காத்திருந்து பார்ப்போம்’ என்ற யோசனை இங்கே செல்லாது. வெளியேறுங்கள்.

முன்னால் ஆறு ஒரு கோட்டில் முடிந்துபோகிறது

தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது, ஓட்டம் மெதுவாகிவிட்டது, இரண்டு கரையிலும் மரங்களின் உச்சி மட்டும் தெரிகிறது, ஆற்றின் மேற்பரப்பு ஒரு நேர்க்கோட்டில் அறுந்த மாதிரி நிற்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் தரை தாழ்ந்துவிட்டது. அருவியாக இருக்கலாம், தடுப்பணையாக இருக்கலாம். சத்தத்தை நம்பாதீர்கள்: தடுப்பணையின் சத்தம் கீழ்ப்பக்கம்தான் போகும், மேலிருந்து வருகிறவருக்குக் கேட்காமலே இருந்துவிடும்.

திற்பரப்பில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அருவிக்கு மேலே தடுப்பணை, அதன் பின்னால் தேங்கிய அமைதியான நீர். அங்கே படகுச் சவாரி நடக்கிறது. தடுப்பணையிலிருந்து அருவி வரை ஆற்றுப் படுகை முழுக்க ஒரே பாறை. அருவியின் உயரம் ஏறத்தாழ 50 அடி. மேலே நிற்கும் தண்ணீரின் முகத்தைப் பார்த்தால் கீழே இப்படி ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோடு தெரிந்த உடனே கரை ஒதுங்குங்கள். கிட்டே போய்ப் பார்த்துவிட்டு ஒதுங்கலாம் என்று நினைக்காதீர்கள். கிட்டே போகப் போக ஓட்டம் மறுபடி வேகமெடுக்கும். இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். தடுப்பணையாக இருந்தால் படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய் இறக்குங்கள். அரை அடி உயரத் தடுப்பணையானாலும் இதையேதான் சொல்வேன். ஏன் என்று அடுத்த பகுதியில் வருகிறது.

தடுப்பணைக்குக் கீழே நிற்கிறேன், படகு சுவரை நோக்கிப் பின்னால் போகிறது

இதை நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் துடுப்புப் போடுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இதுதான்.

சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் நேரே அடிக்குப் போகிறது. அடியில் கொஞ்ச தூரம் கீழ்நோக்கி ஓடி, பிறகு மேலே பொங்குகிறது. பொங்கிய இடத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு கடலை நோக்கிப் போகிறது. மறு பங்கு மேற்பரப்பிலேயே சுவரை நோக்கித் திரும்பி ஓடுகிறது. அந்தப் பங்கில் அகப்பட்டது எதுவும் சுவருக்கு இழுபட்டு, விழும் தண்ணீருக்கு அடியில் அமுங்கி, பொங்கும் இடத்தில் மேலே வந்து, மறுபடி சுவருக்குப் போகும். தேங்காய்த் தொண்டும் பிளாஸ்டிக் பாட்டிலும் ஒரு தடுப்பணையின் அடியில் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க அங்கேயே கிடக்கும். ஆளுக்கும் அதுதான் நடக்கும்.

இயற்கையான பாறைச் சரிவிலும் இப்படிச் சுழல் உண்டு. ஆனால் பாறை ஒழுங்கில்லாதது, எங்காவது ஒரு பக்கம் வழி விடும். மேலிருந்து பார்க்கும்போது நுரைக்கோட்டின் இரண்டு நுனிகளும் ஆறு போகும் திசைக்கு வளைந்திருந்தால், ஓரத்துக்கு நகர்ந்தாலே தண்ணீர் வெளியே தள்ளிவிடும். நுனிகள் மேல்நோக்கி, உங்கள் பக்கம் வளைந்திருந்தால் அது நடுவுக்கே இழுக்கும், ஒதுங்கிப் போங்கள். மனிதன் கட்டிய சுவரில் இந்த வளைவே இல்லை. கரைக்குக் கரை ஒரே நேர்க்கோடு, இரண்டு முனையிலும் காங்கிரீட். வழி எங்கும் கிடையாது.

தண்ணீர் குறைவாக இருக்கும்போது இதே இடத்தில் பிள்ளைகள் குளிப்பார்கள், பெண்கள் துணி துவைப்பார்கள். ஒரு ஆபத்தும் இருக்காது. மட்டம் கொஞ்சம் ஏறியதும் சுழல் பலமாகிறது. ஆனால் பார்ப்பதற்கு அப்படித் தெரியாது. சின்னச் சரிவு, அதன் கீழே ஒரே அளவான வெள்ளை நுரை, அவ்வளவுதான். நான் பாறைகளுக்கு நடுவே இரைந்து ஓடும் தண்ணீரில் பயப்படுவதைவிட இந்த ஒழுங்கான வெள்ளைக் கோட்டைப் பார்த்து அதிகம் பயப்படுகிறேன்.

ஒரு தடுப்பணையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கூட வந்த தம்பியின் துடுப்பு கை நழுவிப் போய், சுவரடியில் சுற்றிக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கத்திலிருந்து போய் எடுத்துவிடலாம் என்று போனேன். பொங்கும் இடத்தைத் தாண்டியது எனக்கே தெரியவில்லை. துடுப்பை நிறுத்தினேன், படகு நிற்கவில்லை. யாரோ முன்னால் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி போனது. கரையிலிருந்து “லேய் மக்கா, திரும்பு, திரும்பு!” என்று கத்தினார்கள். திரும்ப முயன்றபோது படகு குறுக்கே ஆனது, விழும் தண்ணீர் ஓரத்தில் ஏறியது, கவிழ்ந்தேன். வெளியே வந்தது என் திறமையால் அல்ல. கரையில் இருந்த அண்ணன் கயிற்றுப் பையை, அதாவது வீசுவதற்கென்று கயிறு அடைத்த பையை, கையிலேயே வைத்திருந்தார், முதல் வீச்சே என் தோளில் விழுந்தது. துடுப்பு இன்னும் அரை மணி நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இனி செய்ய வேண்டியது.

படகு பின்வாங்குவதை உணர்ந்த கணமே, எதையும் யோசிக்காமல் கீழ்நோக்கி முழுப் பலத்தோடு துடுப்புப் போடுங்கள். பொங்கும் கோட்டைத் தாண்டும் வரை நிறுத்தாதீர்கள். கீழிருந்து தடுப்பணைக்குக் கிட்டே போகவே வேண்டாம். போன துடுப்பு போகட்டும், படகே மாட்டியிருந்தாலும் அது கிடக்கட்டும்.

உள்ளே விழுந்துவிட்டால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் அடிக்கு இழுக்கும்போது எதிர்க்காமல் போய், அடியில் கீழ்நோக்கி ஓடும் ஓட்டத்தோடு நீந்துங்கள். மேலே வரும்போது பொங்கும் இடத்துக்கு அப்பால் வரப் பாருங்கள். மேலே வந்ததும் முதல் வேலை மூச்சு. இது எல்லா முறையும் கைகொடுக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மேற்பரப்பில் சுவரோடு மல்லுக்கட்டுவதைவிட இதற்கு வாய்ப்பு அதிகம்.

கரையில் நிற்கிறவர்கள் ஒருவரும் பின்னால் குதிக்கக் கூடாது. இதைக் கல்லில் வெட்டிய மாதிரி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பு, மூங்கில், கயிறு, காலி கேன், மிதக்கும் எதுவானாலும் எறியுங்கள். ஒருவர் 112-க்கோ, தீயணைப்பு மீட்புத் துறையின் 101-க்கோ உடனே அழைக்கட்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

குழித்துறைச் சப்பாத்து மாதிரி ஆற்றுக்குக் குறுக்கே தாழ்ந்து கிடக்கும் பாலங்களும் இதே கணக்குதான். வெள்ளத்தில் அது முங்கிவிடும். மேலே ஒரு அலை மட்டும் தெரியும். முங்காமல், தண்ணீர் அடிவழியாகப் போகும் மட்டத்தில் இருந்தால் இன்னும் மோசம். பாலத்தின் கண்களில், அதாவது தண்ணீர் போகும் திறப்புகளில், கட்டையும் குப்பையும் அடைத்திருக்கும், படகை உள்ளே இழுத்து அங்கே அழுத்திவிடும்.

துடுப்பு தண்ணீரைப் பிடிக்கவே இல்லை, படகு தாழ்ந்து மிதக்கிறது

நுரைக்குள் இருக்கிறீர்கள். அது பாதி தண்ணீர், பாதி காற்று. காற்று கலந்த தண்ணீர் உங்களையும் படகையும் முழுதாகத் தாங்காது. துடுப்புக்கும் பிடிமானம் கிடைக்காது. துடுப்பை ஆழமாக, செங்குத்தாகக் குத்தி இழுங்கள். வெள்ளையான இடத்தில் நிற்காமல், பச்சையாக, கனமாகத் தெரியும் தண்ணீரை நோக்கிப் போங்கள்.

எந்த வழியாகப் போவது என்று புரியவில்லை

தண்ணீரே சொல்லும். இரண்டு பாறைகளுக்கு நடுவே வழவழப்பான ஒரு முக்கோணம், அதன் கூர் நீங்கள் போகும் திசையைக் காட்டினால் அதுதான் வழி. கூர் உங்களை நோக்கி இருந்தால் அந்தக் கூர் முனையில் முங்கிய பாறை இருக்கிறது. பாறையின் முன்பக்கம் தண்ணீர் மோதித் தலையணை மாதிரி உப்பி நின்றால் பாறை கெட்டியானது. அந்த உப்பலே படகை ஓரமாகத் தள்ளிவிடும். பெரிய பாறை, வேகமான ஓட்டம், ஆனால் முன்னால் உப்பல் இல்லை என்றால் தண்ணீர் அதன் அடியில் புகுந்து போகிறது. அடிப்பக்கம் குடைந்திருக்கலாம், பாறைகளுக்கு இடையே சல்லடை மாதிரிப் பொந்து இருக்கலாம். அந்தப் பாறைப் பக்கமே போகாதீர்கள். அருவிக்கரை மாதிரி பாறை அடுக்கியிருக்கும் இடங்களில் கரையில் நடந்து பார்க்காமல் இறங்கவே கூடாது.

படகு குறுக்காகத் திரும்பி, பாறையிலோ தூணிலோ போய் ஒட்டிக்கொண்டது

உடம்பு தன்னால் பாறையை விட்டு விலகி, தண்ணீர் வரும் பக்கமாகச் சாயும். அதுதான் தப்பு. சாய்ந்த பக்கத்தின் மேல் தண்ணீர் ஏறி, படகைப் புரட்டி, பாறையைச் சுற்றி மடித்துவிடும். பாறையை நோக்கிச் சாயுங்கள், கையால் அதைக் கட்டிப்பிடியுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னாலோ பின்னாலோ நகர்த்தி விடுவியுங்கள்.

தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். நேற்றுக் கையால் தள்ளி விடுவித்த படகை, இன்று மட்டம் ஏறியபிறகு நான்கு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாமல் போவது இதனால்தான். மாத்தூர்த் தொட்டிப் பாலத்தை மேலிருந்து பார்க்கிறவர்கள் அதன் 115 அடி உயரத்தைப் பார்த்து வியப்பார்கள். படகில் வருகிறவர் பார்க்க வேண்டியது அதன் 28 தூண்களில் ஆற்றில் கால் வைத்திருப்பவற்றை. வெள்ளம் கொண்டுவரும் கட்டைகள் பாலத் தூண்களின் முன்னால்தான் குறுக்கே சிக்கி நிற்கும். எந்தப் பாலமானாலும் தூண்களின் நடுவே போகும் வழியைத் தூரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மரம் விழுந்து கிடக்கிறது, தண்ணீர் கிளைகளுக்கு இடையே போகிறது

சல்லடை தண்ணீரை விட்டுவிட்டுத் திப்பியைப் பிடித்துவைக்கும் அல்லவா, அதே மாதிரி இது உங்களைப் பிடித்துவைக்கும். நம் ஆறுகளின் கரையில் ரப்பர் மரம், மூங்கில், தாழைப் புதர் எல்லாம் தண்ணீரைத் தொட்டபடி நிற்கின்றன. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது எத்தனை ரப்பர் மரங்கள் ஒடிந்தன என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு காற்றுக்குப் பிறகும் ஆறு புது ஆறுதான். போன மாதம் போன வழி இந்த மாதம் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

வளைவின் வெளிப்பக்கத்தில்தான் ஓட்டம் மரத்தின் மேல் கொண்டுபோய் விடும். ஆகவே வளைவுகளில் உள்பக்கமாகப் போங்கள். நீங்கள் நீரில் விழுந்து, கிளைகளின் மேல்தான் போய் மோதப் போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால், கால் முன்னால் நீட்டிக்கொண்டு போகாதீர்கள். குப்புறத் திரும்பி, மரத்தை நோக்கி வேகமாக நீந்தி, மேலே தாவி ஏறுங்கள். அடியில் போகாமல் இருப்பது ஒன்றுதான் நோக்கம்.

மூங்கில் புதரில் பாம்பும் ஏறியிருக்கும். வெள்ளம் அவற்றையும் துரத்துகிறது.

படகை விட்டு விழுந்துவிட்டேன், கால் தரையைத் தொடுகிறது

நிற்காதீர்கள். மனது நிற்கச் சொல்லும், ஆழம் இடுப்பளவுதான் என்று சொல்லும். ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு மேலே இருந்தால் நிற்கக் கூடாது. இரண்டு கல்லுக்கு நடுவே பாதம் சிக்கினால், ஓட்டம் உங்களை முன்பக்கமாக மடக்கி முகத்தை முக்கிவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் ஆள் போவது இப்படித்தான்.

மல்லாந்து மிதங்கள். கால்கள் போகும் திசையில், விரல் நுனிகள் தண்ணீருக்கு வெளியே தெரிய வேண்டும். பாறையைக் காலால் தள்ளிவிடுங்கள். கைகளால் துழாவிக்கொண்டு கரைக்குச் சாய்வாக நகருங்கள். பாறைக்குப் பின்னால் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பும் அமைதியான இடத்தைக் கண்டால், அதை ‘எடி’ என்போம், குப்புறத் திரும்பிப் பலமாக நீந்தி அதற்குள் நுழைந்துவிடுங்கள். வயிறு தரையில் தட்டும் வரை எழ வேண்டாம்.

ஒருவருக்குக் கால் சிக்கிவிட்டால் நேரம் மிகக் குறைவு. இரண்டு கரையிலும் ஆள் நின்று, குறுக்கே ஒரு கயிற்றை அவர் நெஞ்சுக்குக் கீழே கொண்டுவந்து இழுத்துப் பிடித்தால் அதன் மேல் அவர் தொங்கிக்கொள்ளலாம். முகம் மேலே இருக்கும், மூச்சு விடலாம். இரண்டாவது கயிற்றைத் தண்ணீருக்கு அடியில் இறக்கி, காலை மேல்நோக்கி, வந்த வழிக்கே இழுக்க வேண்டும். இதை ஆற்றில் வைத்து முதல் முறையாகச் செய்ய முடியாது. ஆழமில்லாத இடத்தில் நண்பர்களோடு பழகிக்கொள்ளுங்கள். அண்டை மாநிலத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் சாலிப்புழை, இருவஞ்சிப்புழையில் ஆண்டுதோறும் நடக்கும் கயாக் விழாவுக்குப் போகிறவர்கள், போட்டியைப் பார்ப்பதோடு நில்லாமல் மீட்பு ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், கயிற்றை எப்படி வீசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓட்டமே இல்லாத இடம், திடீரென்று ஆழம்

குழித்துறைக்கு மேலும் கீழும் ஆறு அகன்று, சோம்பலாகத் தெரியும். கயங்கள் உண்டு, மணல் அள்ளிய குழிகளும் உண்டு. கணுக்கால் தண்ணீரில் நடந்து போகிறவர் அடுத்த அடியில் ஆளை முக்கும் ஆழத்துக்குப் போய்விடுவார். ஆடி அமாவாசைக்குப் பலி போட வந்து இறங்குகிற கூட்டத்துக்கும் படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டு நடக்கிற உங்களுக்கும் அந்தக் குழி ஒன்றுதான். படகை விட்டு இறங்கும்போது துடுப்பால் தரையைத் தொட்டுப் பார்த்து இறங்குங்கள், கரையேறும் வரை லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்றாதீர்கள்.

கடல் தெரிகிறது, முன்னால் அலைகள் செங்குத்தாக எழுகின்றன

தேங்காப்பட்டணம் முகத்துவாரத்துக்குள் போகாதீர்கள். ஆற்று வெள்ளம் வெளியே தள்ள, கடல் அலை உள்ளே வர, இரண்டும் மோதும் இடத்தில் அலை நெருக்கமாகவும் உயரமாகவும் எழும். கடலையே தொழிலாகக் கொண்டவர்களின் வள்ளம் கவிழ்கிற இடம் அது. கள்ளக்கடல், அதாவது தூரக் கடலில் எழுந்து வரும் பேரலை, பற்றிய எச்சரிக்கை இருக்கிற நாட்களில் காற்றே இல்லாமல் அலை வரும். முகத்துவாரத்துக்கு வெகு முன்னாலேயே கரையேறும் இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்துவிட்டேன், உடம்பு சரியில்லை

தண்ணீரில் முங்கி, மூச்சுத் திணறி வெளியே வந்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும் இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, அல்லது வழக்கத்துக்கு மாறாகத் தூக்கக் கலக்கமாக இருக்கிறார் என்றால் காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் பிறகுதான் வேலையைக் காட்டும். பாறையில் கிழித்த காயம் இருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று மெதுவாக வருவது. வெள்ளத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதிலிருந்து வரும் கிருமி தோலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், சில சமயம் ஒரு மாதம் வரை கழித்தும், காய்ச்சல், கடுமையான தலைவலி, கெண்டைக்கால் தசையில் தாங்க முடியாத வலி, கண் சிவத்தல் என்று தொடங்கும். எலிக்காய்ச்சலை ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். அதற்குள் நீங்கள் ஆற்றுக்குப் போனதையே மறந்திருப்பீர்கள். டாக்டருக்கும் அது தெரியாது. ஆகவே காய்ச்சல் என்று போய் உட்கார்ந்ததும், எத்தனை நாளுக்கு முன் எந்த ஆற்றில் இறங்கினீர்கள், அன்று தண்ணீர் கலங்கலாக இருந்ததா என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.